மன்னிப்பதற்கு முன் மருத்துவமனைக்குச் செல்வோம்



சென்ற மார்கழிப் பனிக்காலத்தில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பஜ்ரு தொழுகை முடிந்து மக்தப் வகுப்பு தொடங்கும் நேரம். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தான். இருக்கையில் அமர்ந்தால் அவனுக்குக் கால் எட்டாது, நின்றபடியேதான் மிதிப்பான். பள்ளிவாசல் தெருவின் திருப்பத்தில் பால் ஏற்றி வந்த சிறு வேன் ஒன்று பக்கவாட்டில் தட்டிவிட, மிதிவண்டியோடு சாய்ந்தான். சத்தம் கேட்டு நாம் வெளியே வருவதற்குள் எழுந்து நின்று கைலியை உதறிக்கொண்டிருந்தான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவே கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டுநர் இளைஞர். அவர் முகம்தான் அடிபட்டவர் முகம்போல் வெளிறியிருந்தது. "பனியில தெரியல பாய், மன்னிச்சிருங்க பாய்" என்று சொல்லி 500 ரூபாய்த் தாள் ஒன்றை நம் கையில் திணித்தார்.

நாம் மாணவனை மேலும் கீழும் பார்த்தோம். "ஒண்ணும் இல்லையில்ல?" என்று கேட்டோம். கேள்வியின் வடிவமே பதிலையும் சொல்லிக்கொடுத்துவிட்டது. "ஒண்ணும் இல்ல ஹஜ்ரத்" என்றான். ஓட்டுநரிடம், "போயிட்டு வாங்க தம்பி, அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று சொல்லி அனுப்பினோம். வண்டி எண்ணை எவரும் பார்க்கவில்லை. ரூபாய்த் தாளை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். அன்று அவன் ஓதியது தடுமாற்றமாக இருந்தது. வயிற்றில் கையை வைத்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து உட்காரும்படி அவனைக் கடிந்துகொண்டோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நண்பகலில் வாந்தி எடுத்தான். அஸருக்குள் உதடு வெளுத்துவிட்டது. அவனுடைய அத்தா வளைகுடாவில் இருக்கிறார். தாய்மாமாவும் நாமும் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சீட்டுப் பதியும் இடத்தில், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டபோது, "வீட்டுப் படியில விழுந்துட்டான்" என்று மாமா சொன்னார். விபத்து என்று சொன்னால் போலீஸ் வரும், அலைச்சல் வரும் என்ற அச்சம். நாம் அருகில்தான் நின்றோம், வாய் திறக்கவில்லை. பிறகு மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடது விலா எலும்புக்குக் கீழே நாணயம் ஒன்றை அழுத்தி எடுத்தாற்போல் வட்டமான கன்றிய தடம். "படியில விழுந்தா இப்படி ஆகாதே தம்பி" என்றார். "வேன் இடிச்சுது சார், ஹேண்டில்பார் குத்திருச்சு" என்று சிறுவன் சொன்னான். பொய் பேசக்கூடாது என்று அவனுக்குப் பாடம் நடத்தியவர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

மண்ணீரலில் கிழிசல். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆறு இரவுகள் படுக்கையிலேயே வைத்துக் கண்காணித்து அனுப்பினார்கள். "காலையிலேயே ஏன் கொண்டுவரல?" என்று மருத்துவர் மாமாவைக் கேட்கவில்லை, நம்மைப் பார்த்துத்தான் கேட்டார்.

இந்தக் கேள்வியோடு பல நாள் இருந்தபின், நம் சமுதாயத்தில் மிதிவண்டிக்காரர் விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தோம். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. சுற்றி நிற்பவர்கள் ஓட்டுநரை அடிக்கிறார்கள். அல்லது நம்மைப்போன்ற பெரியவர் ஒருவர் முன்வந்து, எல்லாம் கத்ர், பொறுமையாக இருப்போம், மன்னித்துவிடுவோம் என்று பஞ்சாயத்து முடித்து அனுப்பிவிடுகிறார். முதலாவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது மார்க்கப்பற்றின் சட்டையை அணிந்து வருவதால் அது தவறாகத் தெரிவதில்லை.

மன்னிப்பு உயர்ந்த குணம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யார் மன்னிப்பது, எதை மன்னிப்பது? அடியார்களின் உரிமையை, அதாவது ஹக்குல் இபாதை, உரியவர்தாம் விட்டுக்கொடுக்க முடியும். தவறுதலாக நேர்ந்த கொலையைப் பற்றிச் சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் பேசுகிறது. அங்கே கொல்லும் எண்ணம் அறவே இல்லை. அப்படியிருந்தும் குடும்பத்தாருக்குத் தியத் எனும் இழப்பீடு கடமையாகிறது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை அந்தக் குடும்பத்தாருக்கே தரப்படுகிறது. விதி என்று சொல்லி இழப்பீட்டைத் தள்ளிவிடவில்லை. தெருவில் நின்றவருக்கும் மதரஸா ஆசிரியருக்கும் அதில் பங்கு வைக்கவுமில்லை. சிறுவனின் விஷயத்தில் நிலைமை இன்னும் கடினமானது. சிறுவனின் சொத்திலிருந்து தானம் செய்ய அவனுடைய வலிய்யுக்கே அனுமதியில்லை என்பது ஃபிக்ஹ் நூல்களில் அறியப்பட்ட சட்டம். அப்படியிருக்க, அவனுக்குச் சேர வேண்டியதை 500 ரூபாய்க்கு முடித்துவைக்க நாம் யார்?

எதை மன்னிக்கிறோம் என்பது இரண்டாவது கேள்வி. அன்று காலை நாம் மன்னித்தது ஒரு சிராய்ப்பை. உள்ளே கிழிந்த மண்ணீரலை நாம் அறியவே இல்லை. பொருளைப் பார்க்காமல் விற்பதில் எத்தனை நிபந்தனை பேசுகிறோம். காயத்தைப் பார்க்காமல் உரிமையை விட்டுக்கொடுப்பதில் ஒரு நிபந்தனையும் பேசுவதில்லை.

ஆகவே முதலில் உடம்பு. மிதிவண்டியில் விழுபவருக்கு இரும்புக் கூடோ காற்றுப்பையோ இல்லை. உடம்புதான் அடியை வாங்குகிறது. எழுந்து நின்றுவிட்டார் என்பது ஒன்றும் ஆகவில்லை என்பதற்குச் சான்றாகாது. அதிர்ச்சியிலும் வெட்கத்திலும் மனிதர் எழுந்துவிடுவார். வலி பிறகுதான் வரும். குறிப்பாகச் சிறுவர்களுக்கு ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தும்போது வெளியே சிறு தடம் மட்டும் இருக்கும். உள்ளே மண்ணீரலோ ஈரலோ கணையமோ சேதமாகியிருக்கும். தலையில் அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மயங்கிச் சரிவதும் உண்டு, மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லச் சேர்வதால். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் கண்ணயர்வது, கேட்டதையே கேட்பது, மூக்கிலோ காதிலோ நீர்போல் கசிவது, வயிறு கல்லாக இறுகுவது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. தெரியாவிட்டாலும் வாகனம் மோதியிருந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருப்போம். ஸ்கேன் எடுப்பதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதுதான்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவதும், சோடா உடைத்துக் கொடுப்பதும் நம் தெருக்களில் அன்பின் அடையாளங்கள். இரண்டும் ஆபத்தானவை. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அரைகுறையாகத் தூக்கி ஆட்டோவில் மடித்து உட்காரவைப்பது நிரந்தர ஊனத்தில் கொண்டுபோய் விடலாம். அறுவை சிகிச்சை தேவைப்படும் வயிற்றில் சோடாவுக்கு வேலை இல்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் ஏறிவிடும். பின்னால் வரும் வாகனங்களைத் தடுத்து நிறுத்துங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108க்கு அழையுங்கள். தாமே எழ முடிந்தவர் மெல்ல ஓரத்துக்கு வந்து உட்காரட்டும்; மீண்டும் மிதிவண்டியில் ஏறி வீடுவரை மிதித்துச் செல்ல வேண்டாம்.

மாணவிகளும் இப்போது மிதிவண்டியில் வருகிறார்கள். ஒரு பெண் விழுந்து கிடக்கும்போது அந்நிய ஆண் தொடலாமா என்று கூட்டம் தயங்கி நின்றதை நாமே பார்த்திருக்கிறோம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அந்தத் தடை நீங்கிவிடுகிறது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே சர்ச்சை இல்லை. அருகில் பெண்கள் இருந்தால் அவர்களை அழையுங்கள். இல்லாவிட்டால் நீங்களே கை கொடுங்கள். தயங்கி நிற்பதற்குப் பேணுதல் என்று பெயர் சூட்டாதீர்கள்.

பணம்தான் அடுத்த அச்சம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட தொகைவரை கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும், இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இல்லை. ஆனால் விபத்து என்று சொன்னால்தானே அது கிடைக்கும்? படியில் விழுந்தான் என்று சொல்லிவிட்டு அந்தத் திட்டத்தை எப்படிக் கேட்பது?

இங்கேதான் அந்தச் சிறிய பொய்யின் முழு விலை தெரியவருகிறது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அடிபட்டவர் எப்போது, எங்கே, எதனால் காயமடைந்ததாகச் சொன்னார் என்பதை மருத்துவர் அதில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிறார். பின்னாளில் வழக்கோ இழப்பீட்டு மனுவோ வரும்போது எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே 'படியில் தவறி விழுந்ததாக' என்று இருந்தால், பிறகு நூறு பேர் வந்து வேன் மோதியது என்று சொன்னாலும் சந்தேகம் போகாது. சத்தியம் பேச வேண்டும் என்பது மறுமைக்கான பாடம் மட்டும் என்று நினைத்திருந்தோம். அது சீட்டுப் பதியும் ஜன்னலிலும் தேவைப்படுகிறது.

உதவி செய்பவருக்கும் அஞ்சத் தேவையில்லை. காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் கண்ணால் கண்டவர் தாமாக முன்வந்து பெயரைத் தருவது வேறு. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளத்தைப் பற்றி அல்பகராவின் கடைசிப் பக்கங்களில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஓதத் தெரிந்தவர்கள் அறிவார்கள். அது கடன் பத்திரத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட வேண்டாம்.

மிதிவண்டிக்காரரோ, அவருக்காக நிற்பவரோ அந்தச் சில நிமிடங்களில் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் அந்தச் சிலவற்றைப் பிறகு எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. வாகனத்தின் பதிவு எண்ணை உரக்கச் சொல்லுங்கள், பக்கத்துக் கடைக்காரர் எழுதிக்கொள்ளட்டும். வாகனமும் மிதிவண்டியும் கிடக்கும் நிலையைக் கைப்பேசியில் படமெடுங்கள். பார்த்தவர் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாள்களில் அழிந்துவிடும். அன்றே கேட்டு வையுங்கள். கிழிந்த சட்டையையும் நசுங்கிய மிதிவண்டியையும் பழுதுபார்க்க அவசரப்படாதீர்கள், அவையும் சாட்சிகள்தாம். பழுதுபார்க்கும்போதும், வளைந்த முன் ஃபோர்க்கைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி ஓட்டவேண்டாம். நிமிர்த்திய இரும்பு ஒருநாள் எச்சரிக்கையின்றி முறியும். அப்போது முன்சக்கரம் மட்டும் தனியே ஓடும். மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் நம் ஜமாஅத் பெரியவர் ஒருவர், புது ஃபோர்க் போட மறுக்கும் வாடிக்கையாளரிடம் வேலை வாங்குவதில்லை. வியாபாரத்தில் அமானிதம் என்றால் அதுதான்.

காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது நடந்ததை நடந்தவாறு எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை. எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தது என்று தெரியாவிட்டாலும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த நிலையத்திலும் தகவல் தரலாம்.

"அந்த ஓட்டுநர் பாவம், அவனும் ஏழை" என்று நம் மக்கள் இரங்குவார்கள். அந்த இரக்கத்தை நாம் மதிக்கிறோம். அன்று நமக்கும் அதுதான் வந்தது. ஆனால் ஒரு விவரத்தை அறியாத இரக்கம் அது. சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மிதிவண்டிக்காரர்தான் அந்த மூன்றாம் நபர். அவர் ஒரு பைசா பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை; உரிமமோ பதிவு எண்ணோ அவருக்குத் தேவையில்லை. தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை வழக்கமாகக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். ஆக, இரக்கப்பட்டு அந்த இளைஞரிடம் 500 ரூபாய் வாங்கியபோது, ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு, பொறுப்பேற்றிருந்த நிறுவனத்தை விடுவித்துவிட்டோம். புகார் கொடுத்தால் அவர்மீது குற்றவழக்கும் வரும், அவருக்கு அலைச்சல் உண்டு என்பதை மறைக்கமாட்டோம். ஆனால் சிறுவனின் மருத்துவத்துக்கும் இழந்த பள்ளி நாள்களுக்கும் யார் பதில் சொல்வது என்பதும் அதே தராசில்தான் இருக்கிறது.

"இன்சூரன்ஸ் பணம் கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் உண்டு. காப்பீடு எடுப்பதைப் பற்றிய உலமாக்களின் கருத்து வேறுபாடு தனி விஷயம். இங்கே நீங்கள் காப்பீடு எடுத்தவரல்லர்; காயப்பட்டவர். உங்கள் உரிமை காயப்படுத்தியவர்மீது இருக்கிறது. அதை அவர் சார்பில் யார் கொடுக்கிறார்கள் என்பது அவருக்கும் அவர் ஒப்பந்தம் செய்தவருக்கும் உள்ள கணக்கு. இது நமது கருத்து. ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும், இழப்பீடே வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு முன்பாகக் கேட்கட்டும்.

மனுவை நாம் வசிக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே தரலாம். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் தரவேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தாலும், அவற்றை நம்பித் தள்ளிப்போடுவது நல்லதல்ல. வார்டில் படுத்திருக்கும்போதே யாராவது வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். சிறுவனுக்குக் கிடைக்கும் தொகையை அவன் வயதுக்கு வரும்வரை வங்கியில் வைப்பாக வைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். அநாதையின் சொத்தைப் பற்றி ஓதுகிறவர்கள் இதைக் கேட்டு மகிழத்தான் வேண்டும்.

இதுவரை மிதிவண்டிக்காரரின் உரிமையைப் பேசினோம். அவர்மீதும் ஒரு கடமை இருக்கிறது, அது சிலருக்குக் கசக்கும். இருட்டில் விளக்கில்லாமல் வந்தாரா, எதிர்ப்பக்கத்தில் வந்தாரா, கைப்பேசியில் பேசிக்கொண்டு திரும்பினாரா? வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தமக்கும் பெற்றோருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. தன் பங்குக்குத் தவறிருந்தால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும், அதுதான் நியாயம். பெரிய வாகனம் சிறிய வாகனத்தை மோதினால் பெரியதே குற்றவாளி என்று கூட்டம் ஒரு நொடியில் தீர்ப்பெழுதிவிடுகிறது. விபத்து நடந்தால் ஓட்டுநர் நின்று உதவ வேண்டும் என்று சொல்லும் 134ஆம் பிரிவு, கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாமற்போனால் அவருக்கு விலக்குத் தருகிறது. நம் கூட்டங்கள் எப்படிப்பட்டவை என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் அடிக்கக் கை ஓங்கினால், நின்றிருக்கக்கூடிய ஓட்டுநர் ஓடிவிடுகிறார். ஓடினால் விழுந்தவரை ஏற்றிச்செல்ல அங்கிருந்த ஒரே வாகனமும் போய்விடுகிறது. இரு தரப்பும் வெவ்வேறு சமயத்தவராக இருந்துவிட்டால் ஒரு ஃபோர்க் வளைந்த விவகாரம் இரண்டு தெருக்களின் விவகாரமாகிவிடும். அப்படியொரு மாலைப்பொழுதில், ஓட்டுநரைத் தம் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, அடிபட்டவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிய ஒரு மளிகைக்கடை பாயை நாம் அறிவோம். ஊர் அவரை ஒரு வாரம் திட்டியது.

கடைசியாக, மூன்று மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு விவகாரம். மிதிவண்டியில் கேன் கட்டித் தேநீர் விற்கும் முதியவர் ஒருவரை, இரவில் இரு சக்கர வாகனம் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிவு. எண் தெரியாது, சாட்சியும் இல்லை. உறவினர் ஒருவர் மக்ரிபுக்குப் பின் நம்மிடம் வந்தார். "தங்கச்சி மகன்கிட்ட இன்சூரன்ஸ் உள்ள பைக் இருக்கு ஹஜ்ரத். அதுதான் இடிச்சதுன்னு எழுதிட்டா பெரியவருக்குப் பணம் வந்துடும். யாருக்கும் நஷ்டமில்ல, கம்பெனிதானே கொடுக்கப்போகுது? ஏழைக்கு உதவிதானே, கூடும்தானே?" என்றார்.

கூடாது என்றோம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று. ஏழைக்காகச் சொன்னாலும் அது பொய்ச் சாட்சியம்தான். சட்டத்தின் கண்ணிலும் மோசடி. அந்தத் தங்கை மகன்மீது, செய்யாத குற்றத்துக்கு ஒரு வழக்குப் பதிவாகும் என்பதையும் அவர் யோசித்திருக்கவில்லை. கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. நாம் பல வருடங்களாக அதைத்தான் செய்து வந்திருக்கிறோம். இம்முறை, கூடுமான வழி ஏதும் உண்டா என்று ஜமாஅத்திலுள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். மோதிவிட்டு ஓடிய, அடையாளம் தெரியாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவருக்கென்று சட்டத்தின் 161ஆம் பிரிவில் தனி ஏற்பாடே இருக்கிறது: உயிரிழந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். காவல் நிலையப் பதிவும் மருத்துவச் சான்றும் இணைத்து, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் மனுச் செய்ய வேண்டும். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. வழி தெரியாமல்தான் பொய்க்குப் போனார்கள்.

பெரியவரின் மனு இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. அதுவரை பைத்துல்மாலிலிருந்து மாதம் ஒரு தொகை கொடுக்க முத்தவல்லி ஒப்புக்கொண்டார். நம் மக்தபில் 108, காவல் நிலைய எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண், ஒவ்வொரு மாணவனின் வீட்டு எண் ஆகியவற்றை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். விழுந்துவிட்டு வரும் மாணவனிடம், "ஒண்ணும் இல்லையில்ல?" என்று இப்போது கேட்பதில்லை. "எங்கே பட்டது, காட்டு" என்று கேட்கிறோம்.

அந்தச் சிறுவனும் மீண்டும் வருகிறான். அண்ணனின் மிதிவண்டியை அவனுடைய அம்மா தரவில்லை, நடந்துதான் வருகிறான். அந்த 500 ரூபாய்த் தாளை அம்மாவிடம் கொடுக்கப்போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். பால் வேனைத் திருப்பத்தில் மறுபடி பார்க்கவில்லை. தாள் இன்னும் பதிவேட்டுக்குள்தான் இருக்கிறது. அதை யாரிடம் சேர்ப்பது என்று தெரியவில்லை.